பத்திரத்தில் உள்ள வீடும் நீங்கள் குடியிருக்கும் வீடும்

பெரியகல்லாற்றிலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"சுனாமிக்குப் பின் 2006 இல் தொண்டு நிறுவனமொன்று கட்டித் தந்த 500 சதுர அடி வீட்டை என் பெற்றோர் சிறுகச் சிறுகப் பெருப்பித்து 1,400 சதுர அடியாக்கினார்கள். 2016 இல் அப்பா வங்கிக் கடன் எடுத்தபோது அந்த வீட்டுக்கு 45 இலட்சம் ரூபாவுக்குக் காப்புறுதி செய்யப்பட்டது. அன்று தொட்டு அதே தொகைக்கு வருடந்தோறும் புதுப்பித்து வருகிறோம். 2019 இல் என் திருமணத்தின்போது, தங்கள் சீவிய உரித்தை, அதாவது வாழும் காலம் வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை, ஒதுக்கிக்கொண்டு, வீட்டை எனக்குச் சீதனமாக உறுதி எழுதித் தந்தார்கள். கடன் 2021 இல் தீர்ந்தது. கத்தாரில் வேலை செய்யும் கணவர் அனுப்பிய பணத்தில் 2023 இல் 900 சதுர அடியில் மேல்மாடி கட்டினோம். இப்போது இப்படியொரு வீட்டைக் கட்டச் சதுர அடிக்கு 9,000 ரூபாவாவது வேண்டும் என்கிறார் எங்கள் மேசன். கடந்த மாரியில் வெள்ளம் வாசற்படி வரை வந்து திரும்பிவிட்டது. அயல் வீட்டாருக்கு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. காப்புறுதி இருந்தும் சேதத்தில் பாதிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் காப்புறுதி போதுமா? காப்புறுதிப் பத்திரம் இன்னும் அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது. மாற்ற வேண்டும் என்றால் அவர் மனம் நோகுமோ என்று தயக்கமாகவும் இருக்கிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

போதாது என்பதே என் பதில். 2016 இல் காப்புறுதி செய்யப்பட்ட வீடு இன்று நீங்கள் குடியிருக்கும் வீடு அல்ல. அதன் உரிமையாளர் மாறிவிட்டார், அளவு மாறிவிட்டது, கட்டுமானச் செலவு பல மடங்காகிவிட்டது, கடன் கொடுத்த வங்கியும் விலகிவிட்டது. பத்திரம் மட்டும் 2016 இலேயே நிற்கிறது. இவற்றுள் பலரும் கவனிக்கத் தவறுவது பெயரைத்தான் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு பொருள் அழிந்தால் பணநட்டம் யாரைச் சேருமோ அவரே அதைக் காப்புறுதி செய்ய உரித்துள்ளவர் என்பது காப்புறுதிச் சட்டத்தின் அடிப்படை. மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைக்கும் வழக்கம் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தமிழ்க் குடும்பங்களிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் ஊறிப்போன ஒன்று. உறுதி எழுதுகிறோம், காணிப் பதிவகத்தில் பதிகிறோம், சோலைவரி இடாப்பில்கூடப் பெயரை மாற்றிவிடுகிறோம். காப்புறுதி நிறுவனத்துக்கு மட்டும் ஒரு கடிதம் போட மறந்துவிடுகிறோம். தந்தையின் பெயரில் பத்திரம் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது, மகளின் பெயரில் வீடு நிற்கிறது. நட்டஈடு கோரும் நாளில் நிறுவனம் உறுதியின் பிரதியைக் கேட்கும்போதுதான் இந்த முரண்பாடு வெளிவருகிறது. உங்கள் பெற்றோருக்குச் சீவிய உரித்து இருப்பதால் அவர்களுக்கு வீட்டில் எந்த நலனும் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுடைய நலன் தாம் வாழும் காலம் வரை வீட்டை அனுபவிக்கும் நலன் மட்டுமே; சுவரும் கூரையும் மண்ணும் உங்களுடையவை. உரிமையாளரின் பெயர் இல்லாத பத்திரத்தைக் காட்டி முழு வீட்டுக்கும் நட்டஈடு கேட்பது, எதிர்த்தரப்புக்கு நீங்களே ஒரு வாதத்தைக் கையில் கொடுப்பதாகும்.

தீர்வு எளிதானது. 2019 ஆம் ஆண்டு உறுதியின் பிரதியையும் பதிவு விபரத்தையும் இணைத்து, இனிமேல் காப்புறுதிதாரராக உங்களையும், சீவிய உரித்துடையோராக உங்கள் தந்தையையும் தாயையும் சேர்த்துக் குறிப்பிடும்படி நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். அவர்கள் பத்திரத்துடன் ஒரு எண்டோஸ்மென்ட், அதாவது மாற்றத்தைக் குறிக்கும் இணைப்புத் தாள், இணைத்துத் தருவார்கள், அல்லது புதிய பத்திரம் எழுதுவார்கள். முகவரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். முகவர் நல்லவராக இருக்கலாம், அடுத்த வருடம் வேறு தொழிலுக்கும் போய்விடலாம். நிறுவனத்தின் முத்திரையிட்ட தாள்தான் உங்களிடம் நிற்கும்.

வங்கியின் பெயரையும் இதோடு சேர்த்தே நீக்குங்கள். கடனுக்காக எடுத்த பத்திரத்தில் நட்டஈடு முதலில் வங்கிக்கே செலுத்தப்பட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். கடன் தீர்ந்ததும் அது தானாக அழியாது. வங்கியிடமிருந்து கடன் முழுவதும் செலுத்தப்பட்டதற்கான கடிதத்தைப் பெற்று நிறுவனத்திடம் கொடுத்தால்தான் அந்தக் குறிப்பு நீங்கும். கடன் எடுத்த வேறு வாசகர்களுக்கும் இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும்: வீட்டுக்கடனுடன் சேர்த்து வங்கி அறவிடும் காப்புறுதிகளுள் ஒன்று கடனாளி இறந்தால் மீதிக் கடனைத் தீர்க்கும் ஆயுள் காப்புறுதி. அது வீட்டுக்கானது அல்ல. "வங்கியில் இன்சூரன்ஸ் வெட்டுகிறார்கள்" என்று நம்பிக்கொண்டு, வீட்டுக்கு ஒரு சதக் காப்புறுதியும் இல்லாமல் இருப்பவர்களை நான் அடிக்கடி காண்கிறேன்.

இனித் தொகைக்கு வருவோம். உங்கள் அயல் வீட்டாருக்கு நேர்ந்தது என்னவென்று அவர்களுடைய பத்திரத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அப்படியொரு ஏமாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணமாவது சராசரி விதி. வீட்டின் முழுப் பெறுமதிக்கும் குறைவாகக் காப்புறுதி செய்தால், அந்தக் குறைவின் விகிதத்துக்கு நீங்களே உங்களுக்குக் காப்புறுதிக்காரர் ஆகிறீர்கள் என்பதே அதன் பொருள். அந்த விதி முழு வீடும் இடிந்தால் மட்டுமன்றி ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் பொருந்தும்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கீழும் மேலுமாக 2,300 சதுர அடி. மேசன் சொன்ன 9,000 ரூபாவால் பெருக்கினால் 207 இலட்சம். மதில், கேற், கிணறு, மலக்குழி, நீர்த்தாங்கி ஆகியவற்றுக்கு 18 இலட்சம் சேர்த்தால் 225 இலட்சம். உங்கள் காப்புறுதித் தொகை 45 இலட்சம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. வெள்ளத்தால் கீழ்த்தளத்தில் 20 இலட்சம் ரூபா சேதம் என்று வைத்துக்கொண்டால், "45 இலட்சத்துக்குக் காப்புறுதி இருக்கிறதே, 20 இலட்சம்தானே கேட்கிறோம்" என்று எண்ணத் தோன்றும். சராசரி விதிப்படி கிடைப்பது 4 இலட்சம் மட்டுமே. பத்திரத்தில் இயற்கை அனர்த்தங்களுக்கு 10 வீதம் உங்கள் பொறுப்பு என்று எழுதியிருந்தால் அதுவும் கழிந்து 3 இலட்சத்து 60 ஆயிரம் கைக்கு வரும்.

இது வெளிப்படும் விதத்தையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. வெள்ளம் வடிந்து சில நாட்களில் இழப்பு மதிப்பீட்டாளர் வருவார். சுவரில் படிந்த சேற்றுக் கோட்டின் உயரத்தை அளப்பார், கதவு நிலைகள் ஊதியிருக்கின்றனவா என்று கையால் தட்டிப் பார்ப்பார், மின்சாரப் பெட்டியைத் திறக்கச் சொல்வார், மரத்தூள் பலகையில் செய்த அலுமாரியின் அடிப்பகுதி உப்பியிருப்பதைப் படம் எடுப்பார். வீட்டார் இவற்றையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதன் பின் அவர் நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போய் வீட்டின் நீள அகலத்தையும் அளப்பார்; படியேறி மேல்மாடியையும் அளப்பார். சேதமே இல்லாத மேல்மாடியை ஏன் அளக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. மேலே சொன்ன 225 என்ற எண் அங்கேதான் பிறக்கிறது. மேலும், 2023 இல் கட்டிய மேல்மாடி நிறுவனத்துக்கு அறிவிக்கப்படாத முக்கிய மாற்றம். காப்புறுதி முழு நம்பிக்கையின்மேல் நிற்கும் ஒப்பந்தம் என்பதால், கட்டடத்தில் செய்யும் பெரிய மாற்றங்களை அறிவிப்பது உங்கள் கடமை. மறைக்கும் எண்ணம் உங்களுக்கு இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பத்திரம் எண்ணத்தைப் பார்ப்பதில்லை.

எவ்வளவுக்குக் காப்புறுதி செய்ய வேண்டும்? வீட்டை விற்றால் கிடைக்கும் விலைக்கு அல்ல, ஏனெனில் அதில் காணியின் விலை சேர்ந்திருக்கிறது. வெள்ளமோ தீயோ காணியைக் கொண்டுபோவதில்லை. கடன் தொகைக்கும் அல்ல, அது வங்கியின் கவலை. இதே வீட்டை இன்று அத்திவாரத்திலிருந்து மீண்டும் கட்டினால் ஆகும் செலவே சரியான தொகை. அதோடு இடிபாடுகளை அள்ளி அகற்றும் கூலி, வரைபடம், பிரதேச சபை அனுமதி, கட்டி முடியும் வரை வேறிடத்தில் கொடுக்கும் வாடகை ஆகியவற்றுக்கும் தனியே ஒரு தொகை கேட்க வேண்டும். மேசன் சொன்ன விலை தொடக்கத்துக்கு உதவும்; ஆனால் இந்த அளவு வீட்டுக்கு, கட்டடச் செலவைக் கணிக்கும் அளவைத் தொழிலறிஞர் ஒருவரிடமோ அனுபவமுள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமோ ஒரு மதிப்பீட்டு அறிக்கை பெற்று நிறுவனத்திடம் கொடுக்கும்படி வற்புறுத்துவேன். அதற்கான செலவு சிறியது, பின்னாளில் தொகை பற்றித் தகராறு வந்தால் அந்த அறிக்கையே உங்கள் பக்கம் பேசும்.

நட்டஈடு எந்த அடிப்படையில் கணக்கிடப்படும் என்பதையும் கேளுங்கள். புதிதாகக் கட்டும் செலவைத் தரும் பத்திரமும் உண்டு, தேய்மானம் கழித்துத் தரும் பத்திரமும் உண்டு. உங்கள் கீழ்த்தளத்தின் ஒரு பகுதி 2006 இல் கட்டியது. தேய்மானம் கழித்தால் அந்தப் பகுதிக்குக் கிடைப்பது கணிசமாகக் குறையும். முதலாவது வகைக்குக் கட்டுப்பணம் சற்று அதிகமானாலும் அதையே எடுங்கள். சில பத்திரங்களில், முழுப் பெறுமதியின் 85 வீதத்துக்குக் குறையாமல் காப்புறுதி செய்திருந்தால் சராசரி விதி பிரயோகிக்கப்படாது என்ற சலுகை இருக்கும்; அப்படியொரு வாசகம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

தொகையை ஒருமுறை நிர்ணயித்துவிட்டு மறந்துவிடவும் முடியாது. 2021 இன் தொடக்கத்தில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய 50 கிலோ சீமெந்துப் பை 2022 இல் மூவாயிரம் ரூபாவை நெருங்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கம்பி, ஓடு, மின்சார வயர் எல்லாம் அதனோடு ஏறின. அந்த ஒரே வருடத்தில் நாட்டிலுள்ள எத்தனையோ வீடுகள், யாரும் தொடாமலேயே, அரைகுறைக் காப்புறுதியுள்ள வீடுகளாகிவிட்டன. புதுப்பிக்கும் அறிவித்தல் வரும்போதெல்லாம் தொகையை மீள்பார்வை செய்யுங்கள்.

அடுத்து, எந்த ஆபத்துகளுக்குக் காப்புறுதி என்பது. வங்கிக் கடனுக்கென எடுக்கும் பத்திரங்கள் பெரும்பாலும் தீயையும் மின்னலையும் அடிப்படையாகக் கொண்டவை. வெள்ளம், சூறாவளி, பூமியதிர்ச்சி, குழாயும் நீர்த்தாங்கியும் வெடித்தல், வாகனம் மோதுதல், களவு போன்றவை ஒவ்வொன்றாகச் சேர்க்கப்படுபவை. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக இருக்கும் கல்லாற்றில் தீக்காப்புறுதியை மட்டும் வைத்துக்கொண்டு இருக்க முடியாது. 1978 நவம்பர் 23 சூறாவளியை உங்கள் பெற்றோர் கண்டிருப்பார்கள். 2004 டிசம்பர் 26 இல் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரி வெள்ளமும் 2024 நவம்பர் வெள்ளமும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை, கிழக்கேயுள்ள எழுவான்கரை என்று பார்க்கவில்லை. ஆகவே பத்திரத்தின் அட்டவணையில் வெள்ளம், புயல், சூறாவளி என்ற சொற்கள் எழுத்தில் இருக்க வேண்டும். சுனாமி என்ற சொல்லும் இருக்க வேண்டும். "பூமியதிர்ச்சிக்குள் அதுவும் அடங்கும்" என்று சொன்னால், அதையே கடிதத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள். கலகம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பு தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக வருவது. அதையும் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

சேர்த்த பிறகும் சில சேதங்கள் வெளியே நிற்கும். உப்புக்காற்றால் கொங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துத் தட்டு வெடிப்பதும், கறையான் அரிப்பதும், நாட்பட்ட ஒழுக்கும் படிப்படியான சீரழிவு என்று தள்ளப்படும். மழைநீர் உள்ளே வந்ததற்கு நட்டஈடு வேண்டுமானால், காற்றில் ஓடு பறந்தோ சீற் பிய்ந்தோ ஏற்பட்ட திறப்பு வழியாக அது வந்திருக்க வேண்டும் என்பது வழமையான நிபந்தனை. நிலத்திலிருந்து ஊறி வரும் நீரையும் கடலரிப்பையும் பொதுவாக விலக்கிவிடுவார்கள். ஒலுவில் பக்கத்தில் துறைமுகம் வந்தபின் கடலரிப்பால் காணி இழந்தவர்களின் துயரம் நாம் அறிந்தது. கடலோரத்தில் வீடு வாங்குவோர் காப்புறுதி இருக்கிறது என்ற துணிவில் வாங்கக் கூடாது. மதிலும் கேற்றும் கூரையில் பூட்டிய சோலார் பனலும் தனித்தனியே பெயர் குறிப்பிடப்பட்டால்தான் அடங்கும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கத்தில் உறவினர் இருந்தால், யானை உடைத்த சுவருக்குத் தம் பத்திரத்தில் இடமுண்டா என்று அவர்களும் பார்க்க வேண்டும். பலவற்றில் இராது, வனஜீவராசிகள் திணைக்களத்திடம்தான் நட்டஈடு கோர வேண்டியிருக்கும்.

வீட்டிலுள்ள பொருட்களுக்குக் கட்டடத் தொகையிலிருந்து ஒரு சதமும் வராது. குளிர்சாதனப் பெட்டி முதல் கட்டில் மெத்தை வரை பட்டியலிட்டு வேறு தொகைக்குக் காப்புறுதி செய்யுங்கள், அறை அறையாகப் படம் எடுத்துக் கணவருக்கும் அனுப்பி வையுங்கள். நகைக்கு எல்லை மிகக் குறைவு; வங்கிப் பெட்டகமே நல்லது. பாடசாலை விடுமுறையில் கத்தாருக்குப் போவீர்களானால், வீடு முப்பது நாளோ அதற்கு மேலோ பூட்டிக் கிடந்தால் களவுக்கான காப்பு நின்றுவிடுமா என்று போகுமுன் கேளுங்கள். பெற்றோர் அங்கேயே இருப்பார்களாயின் அந்தக் கவலை இல்லை.

இவற்றையெல்லாம் ஐப்பசிக்கு முன் முடித்துவிடுங்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகிவிட்டது என்று வானொலி சொன்ன பிறகு வெள்ளக் காப்பைச் சேர்க்கவோ தொகையைக் கூட்டவோ எந்த நிறுவனமும் எளிதில் இணங்காது. இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள், விரும்புவோர் தகாஃபுல் என்ற இஸ்லாமியக் காப்புறுதி முறையையும் பார்க்கலாம். ஆனால் கட்டுப்பணத்தை மட்டும் ஒப்பிடாமல், ஒவ்வொரு சேதத்திலும் உங்கள் பொறுப்பில் விடப்படும் பகுதி எவ்வளவு என்பதையும் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். தொகை ஐந்து மடங்காகும்போது கட்டுப்பணமும் ஏறத்தாழ அதே அளவில் ஏறும். அது உங்களுக்குப் பாரமாகத் தெரிந்தால், தொகையைக் குறைக்காமல், சிறிய சேதங்களை நீங்களே தாங்கும்படி உங்கள் பொறுப்புப் பகுதியைக் கூட்டிக் கட்டுப்பணத்தைக் குறைக்கக் கேளுங்கள். சிறு சேதத்தை ஒரு குடும்பம் எப்படியாவது சமாளிக்கும், முழு வீட்டின் இழப்பைத் தாங்காது.

சேதம் நேர்ந்தால் அன்றே தொலைபேசியிலும் பின் எழுத்திலும் அறிவியுங்கள். கிராம உத்தியோகத்தரின் அறிக்கையைப் பெறுங்கள். பிரதேச செயலகம் தரும் அனர்த்த நிவாரணம் வேறு, காப்புறுதி நட்டஈடு வேறு. ஆனால் அந்த அறிக்கை இரண்டுக்கும் உதவும். மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை நனைந்த பொருட்களை வீசாதீர்கள். வீசியே ஆகவேண்டிய நிலையென்றால் படம் எடுத்துவிட்டு வீசுங்கள். தீர்ப்பு நியாயமற்றதாகத் தோன்றினால் முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடமோ இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம்.

உங்கள் தந்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐந்நூறு சதுர அடியிலிருந்து அந்த வீட்டை வளர்த்தவர் அவர், வருடம் தவறாமல் கட்டுப்பணம் கட்டிக் காத்தவரும் அவர். தன் பெயரை எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டால் நோகத்தான் செய்யும். ஆனால் நான் சொல்லும் முறையில் அவர் பெயர் நீங்காது. சீவிய உரித்துடையவராக உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அம்மாவின் பெயரோடு சேர்ந்து நிற்கும். உறுதியில் அவர் தாமே எழுதி வைத்த ஒழுங்கு அதுதான். 2019 ஆம் ஆண்டு உறுதியை அவர் முன்னால் விரித்து, அதில் உள்ளபடியே பத்திரத்திலும் எழுதச் சொல்லப் போகிறோம் என்று கூறுங்கள். காப்புறுதி அலுவலகத்துக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். பழைய பத்திரம் அவர் பெயரில் இருப்பதால் மாற்றத்துக்கான விண்ணப்பத்தில் எப்படியும் அவருடைய கையொப்பம் தேவைப்படும்.